கணக்குக் கேட்ட கிறிஸ்தவர்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் ரயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பயணம் செய்தால், கையில் வேதாகமத்துடன் குடும்பமாக ஏறி இறங்குவோரைப் பல நிலையங்களில் காணலாம். எண்ணூரின் புகைபோக்கிகளையும் அத்திப்பட்டின் அனல் மின் நிலையத்தையும் கடந்து, பொன்னேரியை ஒட்டி வயல்கள் சற்றே தலைகாட்டி, கவரைப்பேட்டைக்குப் பிறகு மறுபடியும் ஆலைகளில் முடிகிறது அந்தப் பாதை. ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் வேதிப்பொருள் தொழிற்சாலைகளும் நெருங்கி நிற்கின்றன. கிழக்கே பழவேற்காடு ஏரி. அதன் கரையில் மகிமை மாதா திருத்தலம். இவற்றுக்கு இடையே ஊருக்கு ஊர் சிறிதும் பெரிதுமாக ஆலயங்கள்.

செப்டம்பர் முதல் நாளில் தொடங்கி அக்டோபர் 4-இல் முடியும் காலத்தைப் படைப்பின் காலமாக உலகத் திருச்சபைகள் பலவும் இப்போது கடைப்பிடிக்கின்றன. 2015-இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் குறித்து வெளியிட்ட சுற்றுமடலுக்குப் பிறகு இந்த வழக்கம் இன்னும் பரவியிருக்கிறது. நம் ஊர்களில் அது பெரும்பாலும் ஒரு மரக்கன்றோடும் ஒரு நிழற்படத்தோடும் நிறைவடைந்துவிடுகிறது. மரக்கன்று நடுவது நல்லதுதான். ஆனால், ஆலைகளின் நடுவே வாழும் ஒரு சபை செய்யக்கூடியது அவ்வளவுதானா என்ற கேள்வி எழும்போது, தஞ்சாவூரில் பிறந்த ஒரு கணக்காளரின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. சூழலியல் என்ற சொல் பொதுமக்களிடம் புழங்குவதற்கு வெகுகாலம் முன்பே, கிறிஸ்தவ விசுவாசத்தையும் மண்ணையும் நீரையும் ஒரே கணக்கேட்டில் எழுதிப் பார்த்தவர் அவர்.

ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் 1892 ஜனவரி 4-ஆம் நாள் பிறந்தார். தந்தை சாலமோன் துரைசாமி கொர்னேலியஸ் சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாய் எஸ்தர் ராஜநாயகம். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த, ஆங்கிலக் கல்வியும் அரசுப் பணியும் வாய்த்த குடும்பம். சென்னையில் படிப்பு, பிறகு லண்டனில் கணக்குத் தணிக்கைப் பயிற்சி, அங்கேயே சில ஆண்டுகள் வேலை. 1919-இல் நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம், நல்ல வருமானம். அந்த வயதில் அவரைப் பார்த்தவர்கள் எவரும் பின்னாளில் இவர் கிராமத்துச் செக்கையும் சாணத்தையும் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

திருப்பம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1927-இல் அங்கு சென்று சைரகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி. இந்தியா ஏன் வறுமையில் இருக்கிறது என்பது பற்றி அங்குள்ள தேவாலயம் ஒன்றில் அவர் ஆற்றிய உரை நாளிதழில் செய்தியானது. அதைக் கண்ட பேராசிரியர் எட்வின் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுகளைத் தணிக்கையாளரின் கண்ணோடு படிக்கப் படிக்க, தாம் அதுவரை நியாயமென்று நம்பியிருந்த ஆட்சி எப்படி ஒரு நாட்டை உறிஞ்சியது என்பது அவருக்கு எண்களில் தெரிந்தது. எவருடைய மேடைப் பேச்சும் அவரைத் தேசியவாதியாக்கவில்லை. அரசின் கணக்குப் புத்தகங்களே ஆக்கின.

அந்த ஆய்வை வெளியிட யாரை அணுகலாம் என்று தேடியபோது காந்தியிடம் அனுப்பப்பட்டார். 1929 மே 9-ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில் இருவரும் சந்தித்தனர். ஆய்வு ‘யங் இந்தியா’வில் தொடராக வெளிவந்தது. வந்தவரை காந்தி சும்மா அனுப்பவில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் தாலுகாவின் பொருளாதார நிலையை ஆராயும் வேலையை ஒப்படைத்தார். மொழி தெரியாத ஊரில், குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களின் வரவு செலவை வீடு வீடாகக் கணக்கெடுத்தார் அந்தத் தணிக்கையாளர். கிராமத்து மனிதனின் வருமானம், அவன் செலுத்தும் நிலவரி, அவன் பட்ட கடன், அவன் மாடு, அவன் எரு என்று எல்லாமே பதிவாயின. இந்தக் காலத்தில்தான் கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, முன்னோரின் பெயரான குமரப்பாவை ஏற்றார். இளைய சகோதரர் பாரதனும் அவ்வாறே செய்தார். பெயர் மாறியது, விசுவாசம் மாறவில்லை. கடைசிவரை அவர் கிறிஸ்தவராகவே வாழ்ந்தார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். காந்தியரான பின் கிறிஸ்துவை விட்டுவிட்டார் என்பதுபோல் சிலர் எழுதுவது சரியல்ல.

திருச்சபையோடு அவருக்கு இருந்த சச்சரவு வேறு வகைப்பட்டது. உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில், நிராயுதபாணிகளை அரசு அடித்து நொறுக்கியபோது, மலைப்பிரசங்கத்தைப் போதிக்கும் சபைகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று அவர் திருச்சபைத் தலைவர்களிடம் வெளிப்படையாகக் கேட்டார். கல்கத்தாவில் இருந்த பேராயர் வெஸ்ட்காட்டுடன் நடந்த கடிதப் போக்குவரத்தில் அவர் பெற்ற பதில் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆளும் சக்தியின் நிழலில் வசதியாக இருக்கும் சபை, அந்தச் சக்தி செய்யும் கேட்டைக் காணாமல் கண்ணை மூடிக்கொள்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அன்று ஆளும் சக்தி வெள்ளை அரசு. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு சபைக்கு அருகே ஆளும் சக்தியாக இருப்பது எது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். ஆலயத்தின் சுற்றுச்சுவருக்கும் மின்விளக்குக்கும் நன்கொடை தரும் கை சில வேளைகளில் ஆலைக்காரரின் கையாகவும் இருக்கிறது.

1934 ஜனவரி 15-இல் பிகார் நிலநடுக்கம். நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கிய ராஜேந்திர பிரசாத்துக்கு, குவிந்த நிதியைக் கட்டிக்காக்க ஒரு கணக்காளர் வேண்டியிருந்தது. குமரப்பா போனார். தொண்டர்களின் அன்றாடச் செலவுக்கு அணாக் கணக்கில் வரம்பு வைத்தார். பிறகு காந்தியே பரிவாரத்துடன் பிகார் வந்தபோது, அவர்களுடைய சாப்பாட்டுச் செலவையும் வாகனச் செலவையும் நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார். அது இடிபாடுகளில் சிக்கியவர்களின் பணம். பார்வையிட வருபவர்களின் பணமல்ல. காந்தி அதை ஏற்றார். முன் அனுமதி இல்லாமல் வந்தால் காந்தியின் ஆட்களையும் காத்திருக்க வைப்பவர் என்று அவரைப் பற்றிப் பல கதைகள் உண்டு. நேரத்திலும் காசிலும் அவர் தளர்வதில்லை. பழகுவதற்கு எளிய மனிதரல்லர். ஆனால், பொதுப்பணத்தை இப்படிப் பார்த்த கண்தான், பின்னர் மண்ணையும் நீரையும் பொதுச் சொத்தாகப் பார்த்தது.

அதே ஆண்டின் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் உருவானது. வார்தாவில் மகன்வாடி அதன் தலைமையிடம். குமரப்பா அதன் செயலாளர். அங்கே நடந்தவற்றைப் படிக்கும்போது ஓர் ஆய்வுக்கூடமும் ஒரு பட்டறையும் ஒரு சமையலறையும் ஒன்றாகக் கலந்த இடத்தை மனக்கண்ணில் காணலாம். ஆலையில் தீட்டிய அரிசியோடு கைக்குத்தல் அரிசியை ஒப்பிட்டார்கள். மாட்டுச் செக்கைத் திருத்தி அமைத்தார்கள். தேனீ வளர்த்தார்கள், கையால் காகிதம் செய்தார்கள், கழிவை மட்க வைத்து எருவாக்கினார்கள். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கை உருவாக்கினார்கள். மண்ணெண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பது மட்டும் குமரப்பாவின் கவலையல்ல. எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் ஒன்றை நம்பி ஒரு கிராமம் தன் இரவை ஒப்படைக்கலாமா என்பதும் அவர் கவலை.

பனையை அவர் பார்த்த விதம் நம் கடலோரத்துக்கு நெருக்கமானது. கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய நீரும் தேவை. பனையோ பயிரேறாத மண்ணிலும் தானாக நிற்கிறது. வெல்லத்தைப் பனையிலிருந்து எடுத்தால் கரும்பு பிடித்திருக்கும் நிலத்தை உணவு தானியத்துக்கு விடலாம் என்பது அவர் கணக்கு. ஆலைக்காகப் பயிரிடுவதா, வயிற்றுக்காகப் பயிரிடுவதா என்ற கேள்வியை அவர் மீண்டும் மீண்டும் எழுப்பினார். ஒரு லட்சம் மக்களுக்குச் சரிவிகித உணவும் உடையும் கிடைக்க எவ்வளவு நிலத்தில் என்னென்ன பயிரிட வேண்டும் என்று அட்டவணையே போட்டுக் காட்டினார். ரசாயன உரம் மண்ணுக்குத் தற்காலிக ஊக்கத்தைத் தந்து பிறகு அதைச் சோரவைக்கும் என்றார். உழும் மாடு எரு தரும், உழும் இயந்திரம் தராது என்பது அவர் வாதத்தின் சாரம். நாடெங்கும் அணைகளும் உர ஆலைகளும் திட்டமிடப்பட்ட காலத்தில் இதைச் சொன்னவரைப் பழமைவாதி என்று ஒதுக்கியதில் வியப்பில்லை.

1942 இயக்கத்தை ஒட்டி மீண்டும் சிறை. ஜபல்பூர் சிறையில் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று, நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று, இயேசுவின் நடைமுறையையும் போதனைகளையும் பற்றியது. இரண்டும் 1945-இல் வெளிவந்தன. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். பொருளாதார நூலைத் தேடிப் படிக்கும் சூழலியலாளர்கள் இயேசுவைப் பற்றிய நூலைத் தொடுவதில்லை. சபையினரோ இரண்டையுமே மறந்துவிட்டார்கள். எழுதியவருக்கு இவை இரண்டும் ஒரே சிந்தனையின் இரு பகுதிகள்.

நிலைத்த பொருளாதாரத்தில் அவர் இயற்கையிலிருந்தே ஐந்து வகை வாழ்முறைகளைப் பிரித்துக் காட்டுகிறார். கொன்று தின்னும் ஒட்டுண்ணி வாழ்க்கை. எதுவும் தராமல் பறித்துக்கொள்ளும் வாழ்க்கை. தன் உழைப்பில் தான் வாழ்வது. தேனீயைப்போல் கூட்டத்துக்காக உழைப்பது. தாயைப்போல் கைம்மாறு கருதாமல் கொடுப்பது. மனிதன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை அவன் பேச்சை வைத்து அல்லாமல் அவன் உண்பதையும் உடுப்பதையும் வாங்குவதையும் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றார். இன்னொரு பாகுபாடும் உண்டு. நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத்தாது போன்றவை தேக்கி வைக்கப்பட்ட செல்வம், எடுத்தால் குறையும். ஆற்றின் ஓட்டம், காட்டின் வளர்ச்சி போன்றவை ஓடிக்கொண்டிருக்கும் செல்வம்; அளவறிந்து எடுத்தால் குறையாது. தேக்கத்தை நம்பும் பொருளாதாரம் நாளடைவில் சண்டையில் முடியும், ஓட்டத்தை நம்பும் பொருளாதாரம் அமைதியை நோக்கிப் போகும் என்பது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது சிறைக்குள் இருந்து அவர் கண்ட முடிவு.

இந்தப் பாகுபாட்டை மீஞ்சூரில் பொருத்திப் பாருங்கள். ஓட்டமாக இருந்த ஒன்றைத் தேக்கம்போல் எண்ணி இறைத்த ஊர் அது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால் அங்கே 1960-களின் இறுதியிலேயே கடல்நீர் உட்புகுந்தது கண்டறியப்பட்டது. 2010-இல் அதே வட்டாரத்தின் கடற்கரையில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. மண் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையை மின்சாரத்தைக் கொண்டு விலைக்குச் செய்கிறோம். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. நிலக்கரியின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. குமரப்பா இருந்திருந்தால் இதை ஐந்தொகையாகவே போட்டுக் காட்டியிருப்பார்.

கிறிஸ்தவராக அவர் முன்வைத்த மிகக் கடுமையான கருத்து, நுகர்பவரின் பொறுப்பைப் பற்றியது. ஒரு பொருளை வாங்குகிறவர், அது எப்படி உண்டானது என்பதற்கும் பொறுப்பாளி. அவர் எடுத்த உதாரணம் கோகோ. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கட்டாய உழைப்பில் விளைந்து, கடற்படையின் பாதுகாப்பில் கடல் கடந்து, சலுகை வரிகளின் உதவியால் நம் மேசைக்கு வருகிறது என்றால், அதைக் குடிப்பவர் அந்த வன்முறையிலும் பங்குகொள்கிறார் என்றார். பண்டங்களோடு அவற்றைச் செய்தவர்களின் கண்ணீரும் சேர்ந்தே விற்கப்படுகிறது என்பது அவர் எண்ணம். ஒரு சபையின் அறுப்பின் பண்டிகையில் படைக்கப்படும் காய்கனிகளையும், அன்பின் விருந்தில் பரிமாறப்படும் நெகிழித் தட்டையும், ஆலயத்தின் ஆழ்துளைக் கிணற்றையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் என்ன ஆகும்?

இங்கேதான் ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குமரப்பா கொண்டாடிய கிராமம் எல்லோருக்கும் ஒரே கிராமமாக இருக்கவில்லை. அம்பேத்கர் அதே காலத்தில் அந்தக் கிராமத்தின் மறுபக்கத்தைக் காட்டினார். சாதியின் கொடுமையிலிருந்து விடுபடக் கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்கள் வட தமிழகத்தில் ஏராளம். அவர்களின் பிள்ளைகளுக்கு ஆலை வேலை என்பது கூலியை மட்டும் தரவில்லை. பண்ணையாரின் வாசலில் நிற்க வேண்டாத நாளையும் தந்தது. கும்மிடிப்பூண்டியில் ஞாயிறு ஆராதனைக்கு வருபவர்களில் பலர் திங்கட்கிழமை காலை அதே ஆலைகளின் வாயிலில் நிற்பவர்கள். அவர்களிடம் போய் ஆலையே பாவம் என்று பிரசங்கம் செய்வது எளிது. அதைச் சொல்பவருக்குச் சம்பளம் வேறிடத்திலிருந்து வருகிறது என்றால் இன்னும் எளிது. சாதியைக் குறித்துக் குமரப்பா பேசாமல் இல்லை என்றாலும், கிராமத்தின் அடித்தட்டில் இருந்தவனுக்கு அங்கிருந்து வெளியேறுவதே விடுதலையாக இருக்கலாம் என்பதற்கு அவர் கணக்கேட்டில் போதிய இடமில்லை என்பது என் எண்ணம்.

ஆனால், அவரது முறை பயன்படாமல் போய்விடவில்லை. ஆலைக்குள் வேலை பார்ப்பவனே ஆலையின் புகையை முதலில் சுவாசிப்பவன். அவன் வீட்டுக் கிணறே முதலில் நிறம் மாறுவது. 1929-இல் மாத்தர் தாலுகாவில் செய்ததை ஒரு சபை தன் எல்லைக்குள் செய்ய முடியும். எந்தத் தெருவில் எந்தக் கிணற்றின் நீர் எப்போது கெட்டது, எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கிறது, எந்த வீட்டில் எத்தனை பேருக்கு மூச்சுத்திணறல் என்பதை வாலிபர் சங்கமும் பெண்கள் ஐக்கிய சங்கமும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நீரைச் சோதித்து, முடிவை ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும் என்ற நிலை வரும்போது, திட்டத்தின் சுருக்கம் தமிழில் தரப்பட வேண்டும் என்பது விதி. அந்தச் சுருக்கத்தை வாங்கி, ஆராதனை முடிந்த பின் அரை மணி நேரம் உரக்க வாசிக்கலாம். பழவேற்காட்டு மீனவரையும் சிப்காட் தொழிலாளியையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைக்கக்கூடிய இடம் இந்த வட்டாரத்தில் ஆலயத்தைத் தவிர அதிகம் இல்லை. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. எத்தனை ஆலயக் கூரைகளின் நீர் இன்னும் தெருச் சாக்கடைக்குப் போகிறது என்பதையும் அதே நோட்டில் எழுதலாம். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் பனங்கொட்டை விதைப்பதற்கு எவருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றால் ஒரு புகைபோக்கியும் நின்றுவிடாது என்று சிலர் சொல்லக்கூடும். மாத்தர் தாலுகாவின் ஆய்வாலும் நிலவரி உடனே குறைந்துவிடவில்லை. ஆனால், கணக்கு எழுதப்பட்ட பின் எவரும் தெரியாது என்று சொல்ல முடியாமல் போனது.

விடுதலைக்குப் பிறகு குமரப்பாவுக்குப் பதவிகள் தேடி வந்தன, அவர் நிலைக்கவில்லை. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949-இல் அறிக்கை தந்தார். உழுபவருக்கே நிலம் என்ற திசையில் அது சென்றது. அதன் முக்கியப் பரிந்துரைகள் பலவும் ஏட்டிலேயே நின்றன. கனரகத் தொழிலை நோக்கி நாடு நடந்தது. பழைய நண்பர்களோடு கருத்து வேறுபாடு முற்றியது. இரத்த அழுத்த நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. திருமணம் செய்துகொள்ளாதவர், சொத்து சேர்க்காதவர். 1950-களில் தமிழகம் திரும்பி, மதுரைக்குத் தெற்கே தே.கல்லுப்பட்டியில் வெங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் தங்கினார்.

அந்தக் குடிலுக்கு வந்தவர்களிடம், சுவரில் இருந்த காந்தியின் படத்தைக் காட்டித் தம் எஜமானர் என்பார். அடுத்து ஓர் ஏழைக் கிராமவாசியின் படத்தைக் காட்டி, எஜமானரின் எஜமானர் என்பார். 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தி மறைந்த அதே தேதியில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஷூமாக்கர் எழுதிய ‘சிறியதே அழகு’ என்ற நூல் உலகெங்கும் பேசப்பட்டபோது, அதன் பக்கங்களில் குமரப்பாவின் பெயரும் இருந்தது. கும்மிடிப்பூண்டி ரயில் புறப்படும் இடத்திலிருந்து அந்த மருத்துவமனை, சாலையைக் கடக்கும் தூரம்தான்.